குழாயடியில் ஒரே ஓர் ஆண்

ஜனவரி 2, வியாழன்

ஆரோக்கியம் இன்று ஆறே காலுக்குத்தான் வேலைக்கு வந்தாள். தண்ணீர் வரும் நாள்களில் எப்போதும் இப்படித்தான். வளவு வாசலில் இருக்கும் தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியுமுன் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். தன் வீட்டுக்கு ஆறு குடம் பிடித்துவிட்டு, எனக்குக் குடிக்க இரண்டு குடம் கொண்டுவருவாள். என் கிணற்று நீர் உப்பு. என் குடங்களின் கழுத்தில் 'கி.பா.' என்று வெட்டியிருக்கும். கிளாரா பாக்கியநாதன். கல்யாணச் சீராக வந்தவை. ஒன்றில் கறை படிந்திருந்தது. மறுபடி விளக்கச் சொன்னேன்.

வளவும் என்னுடையதுதான். என் வீட்டுக்கு நேர் எதிரே, ஒரே முற்றத்தைச் சுற்றிப் பத்து வீடுகள், அதில் ஒன்றில்தான் ஆரோக்கியம் குடியிருக்கிறாள். மேலே மச்சில் ஒரு தனி அறை. அவர் கட்டியது. அவர் போய்ப் பதினாறு வருடங்கள் ஆகின்றன.

பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். காவல்துறை டி.எஸ்.பி., பெயர் பால்வண்ணன் என்றார். அடையாள அட்டையைக் கேட்டேன். படத்தில் மீசை இல்லை, ஆளுக்கு இருந்தது. அதையும் கேட்டேன். சிரித்துவிட்டு, "நீங்க எங்க டிபார்ட்மென்ட்டுல இருந்திருக்கணும்மா" என்றார். காபி கொடுத்தேன்.

மச்சு அறையில் குடியிருக்கும் கருணாகரனைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார். நவம்பரில் வேறோர் ஊரின் பஸ் ஸ்டாண்டில் குண்டு வெடித்துப் பதினொரு பேர் செத்தார்களே, அதை வைத்தவன் இவன்தானாம். எதற்காக என்றும் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. செத்த பதினொரு பேருக்கும் அது தெரிந்திருக்காது.

"குடி வைக்கும்போது விசாரிச்சீங்களாம்மா?"

"விசாரிக்காமல் நான் யாரையும் வைப்பதில்லை" என்றேன்.

என் மாடியில் அவருடைய ஆட்கள் இருவர் தங்க வேண்டுமாம். யாரிடமும் மூச்சு விடக்கூடாது. சரி என்றேன்.


ஜனவரி 3, வெள்ளி

இருவர் வந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து கண் ஆஸ்பத்திரிக்கு வந்த என் சித்தி பேரன்கள் என்று ஆரோக்கியத்திடம் சொன்னேன். மத்தியானம் அவர்களுக்குச் சோறு போட்டுவிட்டு வந்து, "உங்க சொந்தக்காரங்களுக்குச் சிலுவை போட்டுச் சாப்பிடத் தெரியலையேம்மா" என்றாள். இந்தக் காலத்துப் பையன்கள் என்றேன். வேறு யாராவது இவ்வளவு கவனித்திருப்பார்களா?


ஜனவரி 4, சனி

தண்ணீர் வரும் நாள். நாலே முக்காலுக்கு எழுந்து மாடி ஜன்னல் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காவலுக்கு வந்த இருவரில் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடங்களில் அந்தக் குழாயடியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. முந்தின ராத்திரியே குடங்களை வரிசையில் வைத்துவிடுகிறார்கள். குடம் இல்லாதவர்கள் செங்கல்லை வைக்கிறார்கள். செங்கல்லுக்கும் மரியாதை இருக்கிறது, ஒருவரும் அதைத் தள்ளுவதில்லை. பனி. தெருவிளக்கு ஒன்றுதான், அதுவும் தள்ளி. ஆனால் பேச்சு முழுக்க மேலே கேட்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல.

எல்லாரும் பெண்கள். வளவு ஆண்கள் குடம் தொடுவதில்லை போலிருக்கிறது. ஐந்தரைக்குக் கருணாகரன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு இறங்கி வந்தான். முதல் வீட்டுப் பேச்சியம்மாள் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ தம்பி, காலாகாலத்துல ஒரு பிள்ளையப் பாத்துக் கட்டுமே. குடத்துக்கு ஒரு ஆளு கிடைக்கும்லா."

"குடம் தூக்கவா அக்கா கல்யாணம்?"

"வேற எதுக்குன்னு நினைச்சீரு? என் வீட்டுக்காரரக் கேட்டுப் பாரும். சோறு தின்னவும் குறட்டை விடவும் ஆம்பிள, தண்ணிக்குப் பொம்பள."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிள்ளைத்தாச்சி ஒருத்தியின் குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தான். அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியத்தின் புருஷன் சூசைக்குக் காரம் குறைவாக மீன்குழம்பு கொடுத்தனுப்பினேன். மரக்கடையில் இராக் காவல் பார்க்கிறான். வயிற்றுப்புண்.


ஜனவரி 6, திங்கள்

மூன்று ராஜாக்கள் திருநாள். பூசைக்குப் போகவில்லை. முழங்கால் வலி. விடியுமுன் மாடி ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தேன்; கருணாகரன் ஐந்தே முக்காலுக்கு இறங்கினான், இன்றும் வேறு ஆண் இல்லை.

பால்வண்ணன் பின்வாசல் வழியாக வந்தார். கண் சிவந்திருந்தது. பொங்கலுக்கு முன்னால் கருணாகரன் இன்னோர் இடத்தில் குண்டு வைக்கப்போகிறான் என்று நம்பகமான தகவலாம். அவனைப் பிடிக்க வழி தெரியவில்லை என்று என்னிடமே சொன்னார். அவ்வளவு களைப்பு.

"அறைக்குள்ள வச்சே பிடிச்சா என்ன?" என்று கேட்டேன்.

"உள்ள எவ்வளவு வச்சிருக்கான்னு தெரியாதும்மா. தட்டினா, கையில கிடைக்கிறதை அழுத்திருவான். கீழ பத்து வீடு."

"ரோட்டுல?"

"வெளிய போனா பையோட போறான். பஸ்ஸுல ஏறுறான். அதுல எத்தனை பேர்?"

"அப்படின்னா வளவுக்காரங்களை முதல்ல வெளியேத்துங்க."

"நாப்பத்து மூணு பேரும்மா. எண்ணி வச்சிருக்கேன். நாப்பத்து மூணு பேருக்குச் சொன்னா, நாப்பத்து நாலாவதா அவனுக்கும் தெரிஞ்சிரும்."

"மனுஷங்களை இப்படி எண்ணிப் பேசறது எனக்குப் பிடிக்கலை."

அவர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "நவம்பர்ல செத்த பதினொரு பேர்ல ஒருத்தரைத் தேடி இதுவரை யாருமே வரலைம்மா. பேரு தெரியாது. நம்பர் போட்டு வச்சிருக்கோம். எண்ணாம வேற எப்படிப் பேசன்னு எனக்குத் தெரியலை" என்றார்.

அப்போதுதான் நான் குழாயடியைச் சொன்னேன். தண்ணீர் வரும் நேரத்தில் அவன் பை இல்லாமல் அறையை விட்டு இறங்குகிறான். ஐந்தரைக்கும் ஐந்தே முக்காலுக்கும் நடுவில். இரண்டு கையிலும் குடம். அங்கே நிற்பது எல்லாம் பெண்கள். இருட்டில்கூட ஆள் மாற வழியில்லை.

"ஆண் என்று வந்தால் அவன் ஒருவன்தான்" என்றேன்.

பால்வண்ணன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நான் சொன்ன வார்த்தைகளையே எழுதினார். "இத்தனை நாளா எங்க ஆளுக ஒருத்தருக்கும் இது தோணலையேம்மா" என்றார்.

இன்று நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.


ஜனவரி 7, செவ்வாய்

காஸ் சிலிண்டர் வந்தது. ரப்பர் வளையம் வெடித்திருந்ததால் திருப்பி அனுப்பினேன்.


ஜனவரி 8, புதன்

கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஐந்து முப்பத்தைந்துக்கு இறங்கினான். தலையில் துண்டு, கையில் இரண்டு குடம். வேறு ஆண் யாரும் வரவில்லை. பால்வண்ணன் வந்தபோது குறித்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. வரிசையில் இரண்டு பெண் போலீஸார் சாதாரணச் சேலையில் குடத்தோடு நிற்பார்கள். டீக்கடை முனையில் துப்பாக்கியோடு நான்கு பேர். கையைப் பிடித்து மடக்குவதுதான் திட்டம். இடுப்பில் ஏதாவது வைத்திருக்கலாம் என்பதால், அவன் கை இடுப்புக்குப் போனால் சுட வேண்டும்.

"பக்கத்தில் நிற்கிற பொம்பளைங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"எவ்வளவு?"

"தெரியாதும்மா. தெரியும்னு சொன்னா அது பொய்."

போகும்போது ஒன்று சொன்னார். "என்ன நடந்தாலும் ஜன்னல்ல இருந்து சத்தம் மட்டும் போட்டுராதீங்க. குரல் கேட்டா மேல ஓடிருவான். மேல ஓடிட்டான்னா அப்புறம் பத்து வீடும் இல்லை."

தலையாட்டினேன். அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்கள், நான் தலையாட்டினேன்.


ஜனவரி 9, வியாழன்

போர்டிங்கில் மதர் அலாய்சியஸ் எங்களைத் தினமும் படுக்குமுன் ஆத்தும சோதனை எழுதவைப்பார். ஒரு கட்டளை உண்டு. என்ன செய்தாய் என்று எழுது, ஏன் என்று எழுதாதே, ஏன் என்பது சாக்கு. அறுபது வருடமாக அப்படித்தான் எழுதி வருகிறேன்.

இன்று செய்தது: நாளை விடிகாலை நாலரைக்கே வந்துவிட வேண்டும் என்று ஆரோக்கியத்திடம் சொன்னேன். மத்தியானம் விருந்தாளிகள், மூன்று தேங்காய் திருக வேண்டும், ஆப்பத்துக்கு ஆட்ட வேண்டும் என்றேன்.

"நாளைக்குத் தண்ணி வாற நாளும்மா. பிடிச்சு வச்சிட்டு ஓடியாந்திருதேன்."

"வேண்டாம். நாலரைக்கே வரணும்."

"குடிக்கதுக்கு ஒரு சொட்டு இல்லம்மா. நீங்களும் ரெண்டு குடம் காலியா வச்சிருக்கீய."

"எனக்கு நாளைக்கு வேண்டாம். ஒருநாள் கிணற்றுத் தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சா யாரும் செத்துட மாட்டாங்க."

அவள் முகம் சுருங்கியது. "சரிம்மா. பாத்துக்கிடுதேன்" என்றாள்.

எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று நான் கேட்கவில்லை.

அவளிடம் வேறு எதுவும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை மீறவில்லை.


ஜனவரி 10, வெள்ளி

காலை 5.32. சுட்டுவிட்டார்கள். அது அவன் இல்லை.


ஜனவரி 11, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆரோக்கியம் நாலரைக்கு வந்தாள். சமையலறையில் தேங்காய் திருகிக்கொண்டிருந்தாள். நான் மாடி ஜன்னலில் இருந்தேன். பெண் போலீஸார் இருவரும் குடத்தோடு வந்து வரிசையின் நடுவில் நின்றார்கள். பேச்சியம்மாள் விடவில்லை. "யாருட்டி நீங்க? நேத்து ராத்திரி குடம் வச்சீங்களா, கல்லு வச்சீங்களா? கடைசில போய் நில்லுங்க" என்று விரட்டினாள். சண்டை போட்டால் காரியம் கெட்டுவிடும் என்று அவர்கள் கடைசிக்குப் போனார்கள். குழாயிலிருந்து பதினைந்து அடி தள்ளி, இருட்டில்.

5.30க்கு ஓர் ஆண் வந்தான். தலையில் துண்டு. இரண்டு குடம். பேச்சியம்மாள் ஏதோ சொன்னாள், பெண்கள் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை.

டீக்கடை முனையிலிருந்து இருவர் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தார்கள். அவன் உதறினான். கை இடுப்புக்குப் போனது. இரண்டு முறை சுட்டார்கள்.

சூசை. வழிப்பறிக்காரர்கள் என்று நினைத்திருப்பான். காவலுக்குப் போகும்போது இடுப்பில் விசில் கட்டியிருப்பான், அதை ஊத எடுத்திருக்கிறான். மரக்கடையிலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறான். பெண்டாட்டி இல்லாததால் குடத்தோடு இறங்கியிருக்கிறான்.

சத்தம் கேட்டபோது கருணாகரன் மச்சுப் படியில் பாதி இறங்கியிருந்தான், இரண்டு கையிலும் குடம். முற்றத்தில் ஒளிந்திருந்த போலீஸார் அங்கேயே மடக்கிவிட்டார்கள். ஒரு கீறல்கூட இல்லை.

ஆரோக்கியம் தேங்காய்த் துருவல் ஒட்டிய கையோடு ஓடினாள்.

குழாயடியில் கிடந்தவற்றில் ஒரு குடம் அவர்கள் வீட்டுப் பிளாஸ்டிக். இன்னொன்று எவர்சில்வர், கழுத்தில் 'கி.பா.'. எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆரோக்கியம்தான் முந்தின சாயங்காலமே அந்தக் குடத்தை எடுத்துப்போய், சூசையிடம், "அம்மா உப்புத் தண்ணி குடிப்பாவ, அவுகளுக்கும் ஒரு குடம் பிடிச்சு வையும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

தண்ணீர் ஆறே கால் வரை போய்க்கொண்டே இருந்தது. குழாயை யாரும் மூடவில்லை.


ஜனவரி 12, ஞாயிறு

அடக்கம் மாலை நாலு மணிக்கு. போனேன். பின்னால் நின்றேன். நர்ஸிங் படிக்கும் மகள் ஜெசிந்தா மதுரையிலிருந்து வந்திருந்தாள். ஆரோக்கியம் என்னைப் பார்த்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க கூப்பிட்டதுனால நான் தப்பிச்சேம்மா. இல்லன்னா நான்லா அந்த இடத்துல நின்னுருப்பேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து முந்தாநாள் துருவிய தேங்காயைக் கொட்டினேன். புளித்துவிட்டது.


ஜனவரி 13, திங்கள்

பத்திரிகையில் வந்திருக்கிறது. "பயங்கரவாதி கைது. மோதலில் கூட்டாளி பலி." கூட்டாளி என்றால் சூசை. கிறிஸ்துமஸுக்கு என் வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்ட வருடா வருடம் ஏணி ஏறுபவன்.

நான்கு முறை படித்தேன். ஓர் இடத்தில் ஒற்றுப்பிழை. அதைத் திருத்தினேன். எதற்காகத் திருத்தினேன் என்று தெரியவில்லை.


ஜனவரி 15, புதன்

பொங்கல். வளவில் ஒரு வீட்டிலும் பானை வைக்கவில்லை.


ஜனவரி 18, சனி

பால்வண்ணன் வந்தார். இந்த முறை முன்வாசல் வழியாக. கருணாகரன் அறையில் கிடைத்தவற்றைச் சொன்னார். ரயில் கால அட்டவணையில் பொங்கல் ஸ்பெஷல் வண்டியைக் கோடிட்டு வைத்திருந்தானாம்.

"அந்த வண்டியில ஆயிரத்து இருநூறு பேர் ஊருக்குப் போனாங்கம்மா. பொங்கல் சாப்பிட்டாங்க. அவங்க யாருக்கும் உங்களைத் தெரியாது."

"சூசையைக் கூட்டாளின்னு யார் எழுதினது?"

"மேல இருந்து கொடுத்துட்டாங்க. சுட்டது தப்பான ஆளைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, கேஸே நின்னிருக்காது. ஆறு மாசம் போகட்டும், சரி பண்ணிரலாம்."

"அவன் மகளை நர்ஸிங் ஸ்கூலில் இருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சுச் சேர்த்துக்குவாங்களா?"

அவர் பேச்சை விசாரணைக்கு மாற்றினார். துப்பாக்கிச் சூட்டில் சாவு என்பதால் ஆர்.டி.ஓ. விசாரணை வைத்திருக்கிறார்களாம், வெள்ளிக்கிழமை. அக்கம்பக்கத்தவர்கள் விரும்பினால் சொல்லலாம். நான் போகாமல் இருப்பது நல்லது என்றார்.

"குழாயடியைச் சொன்னது நீங்கன்னு ஏட்டுல ஏறிட்டா, அவனோட ஆளுக வெளிய இன்னும் இருக்காங்க. உங்களுக்குக் காவல் போட என்கிட்ட ஆள் இல்லை."

"எனக்கு எழுபத்து நாலு வயசு ஆகுது, மிஸ்டர் பால்வண்ணன்."

அவர் எழுந்து நின்றார். தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலைம்மா. அந்த வீட்டுல ஆம்பிளை ஏன் தண்ணிக்கு வந்தான்? ஒருத்தன்தான் வருவான்னு நீங்க சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. மூணு நாள் பாத்திருக்கீங்க. அன்னைக்கு மட்டும் என்ன மாறிச்சு?"

தெரியவில்லை என்றேன்.


ஜனவரி 21, செவ்வாய்

ஆரோக்கியம் வேலைக்கு வந்தாள். வேண்டாம் என்றேன். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை என்றாள். பாத்திரம் விளக்கினாள். விளக்கினதையே மறுபடி விளக்கினாள்.

"பேப்பர்ல போட்டது போட்டதுதானாம்மா? மாத்தி எழுத மாட்டாவளா?"

"யாராவது போய் உண்மையைச் சொல்லணும்."

"யாருக்கும்மா உண்மை தெரியும்? அவுகளுக்குத் தெரியும். அவுக மண்ணுக்குள்ள போயிட்டாவ. ஜெசிந்தா கேக்கா, அப்பா அப்படியாம்மான்னு. பெத்த பிள்ளை கேக்கா."

துணி காயப்போட்டுவிட்டுப் போனாள். கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறேன். உப்பு காய்ச்சினாலும் போவதில்லை.


ஜனவரி 23, வியாழன்

இதுவரை எழுதாமல் விட்டவற்றை இன்று எழுதுகிறேன்.

கருணாகரனைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. சூசை குடும்பத்தை வைக்கும்போது பங்குச் சாமியாரின் கடிதம் கேட்டு வாங்கினேன். இவனிடம் எதுவும் கேட்கவில்லை. செருப்பை வாசலில் நேராக, ஜோடி சேர்த்துக் கழற்றினான். கையெழுத்து அழகாக இருந்தது. போதும் என்று நினைத்தேன்.

அன்றைக்கு விருந்தாளி யாரையும் நான் அழைத்திருக்கவில்லை.


ஜனவரி 24, வெள்ளி

ரிக்‌ஷாவில் போனேன். ஆர்.டி.ஓ. ஒரு பெண், என் மகள் இருந்திருந்தால் அவள் வயதிருக்கும். உட்காரச் சொன்னார். நின்றே சொல்கிறேன் என்றேன். பால்வண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். பெஞ்சில் ஆரோக்கியமும் ஜெசிந்தாவும்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மச்சு அறையைக் குடிக்கு விட்டது நான். குழாயடியைச் சொன்னது நான். ஆண் என்று வந்தால் அவன் ஒருவன்தான் என்று சொன்னது நான். சூசைக்கும் அந்த மனிதனுக்கும் தண்ணீர் பிடிக்கும் இடத்தைத் தவிர ஒரு தொடர்பும் கிடையாது. சூசை அங்கே வந்ததற்குக் காரணம், அவன் மனைவியை அந்த நேரத்தில் நான் என் வீட்டுக்கு வரவழைத்துவிட்டது. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துதான் வரவழைத்தேன்.

கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எழுதுங்கள் என்றேன்.

"வேற ஏதாவது சொல்ல வேண்டியது இருக்காம்மா?" என்று ஆர்.டி.ஓ. கேட்டார்.

"இல்லை" என்றேன். கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் பக்கத்தில் என் வயதைத் தவறாக எழுதியிருந்தார்கள். திருத்தச் சொன்னேன்.

சூசை பெயர் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். ஆர்.டி.ஓ. ஜெசிந்தாவைக் கூப்பிட்டு நர்ஸிங் ஸ்கூல் விலாசத்தைக் குறித்துக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் ஆரோக்கியம் நின்றுகொண்டிருந்தாள். மகளை முன்னால் போகச் சொல்லியிருக்கிறாள். அழவில்லை.

"அன்னைக்கு விருந்தாளி யாரும் வரலன்னு எனக்குத் தெரியும்மா" என்றாள். "நீங்க ஒரு நாளும் விருந்தாளி வந்து உக்காராம விருந்துக்கு அடுப்பு பத்த வைக்கச் சொன்னதில்ல. அடக்கம் முடிஞ்ச ராத்திரியே நினைச்சேன். நினைப்பு தப்பா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி கேட்டாள்.

"வளவுல நாங்க நாப்பது அம்பது பேரு. பேச்சிக்காவுக்கு மூணு பிள்ளைய. அஞ்சாம் வீட்டுப் பிள்ளைக்கு இது ஒம்பதாம் மாசம். என்னைய மட்டும் ஏம்மா கூப்பிட்டீய?"

ஏன். அறுபது வருடமாக எழுதாமல் வைத்திருந்த கேள்வி. ஒரு சாக்கும் வரவில்லை.

"உன்னைத்தான் எனக்குத் தெரியும்" என்றேன்.

"அவுகளையும் தெரியுமேம்மா. வயித்துப்புண்ணுக்கு மீன்குழம்பு குடுத்தனுப்பினீய."

"தெரியும். அன்னைக்கு ஞாபகம் வரலை."

அவள் தலையை அசைத்தாள். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து, அதிலிருந்து என் வீட்டுப் பின்வாசல் சாவியை மட்டும் நிதானமாகக் கழற்றி, வராந்தாத் திண்டின் மேல் வைத்தாள்.

"அந்தச் சிலுவை போடத் தெரியாதவங்க வந்தன்னிக்கே நான் கேட்டிருக்கணும்" என்றாள். போய்விட்டாள்.

இப்போது மணி ஏழு. காலையில் ஒரு காவலர் வந்து குடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். தேவை முடிந்துவிட்டதாம். அடியில் நசுங்கியிருக்கிறது. கழுத்தில் எழுத்து அப்படியே இருக்கிறது. அதை மேசையில் என் எதிரில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. பதினொன்றாம் தேதி இந்த நோட்டிலேயே பொய் எழுதியிருக்கிறேன். பேச்சியம்மாள் சொன்னது காதில் விழவில்லை என்று. விழுந்தது. அந்த ஜன்னலில் எல்லாம் விழும்.

"ஏ சூசையண்ணே, பொண்டாட்டி அடிச்சு விரட்டிட்டாளா, குடத்தோட வந்திருக்கீய" என்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் ஓடிவந்து தோளைத் தொடும் வரை நேரம் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. 'அது சூசை' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். மச்சில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் இன்னும் அறைக்குள் இருந்தான். குரல் கேட்டால் கீழே நாற்பத்து மூன்று பேர். அதை நினைத்தேனா, அல்லது சத்தம் போடாதீர்கள் என்று பால்வண்ணன் சொன்னதைக் கேட்டேனா, தெரியாது. எது என்று எழுதினாலும் அது சாக்குத்தான்.

சூசை என்று தெரிந்தது. வாய் திறக்கவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் நாளைக்கும் உண்டு என்று கிளார்க் சொன்னார். பத்து மணிக்குத் திறப்பார்களாம். ஒன்பதரைக்கே போய் நிற்க வேண்டும்.